ஒரே சிலையை ஏன் இரண்டு தடவை படம் எடுத்தார்கள்?

பழைய புகைப்படங்களைத் துருவித் துருவிப் பார்க்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், ஸ்டீரியோ அட்டை எனப்படும் இந்த இரட்டைப்பட அட்டைகளில் ஒன்றாவது கண்ணில் பட்டிருக்கும். சுமார் 9 செ.மீ. உயரம், 18 செ.மீ. அகலம். மஞ்சளோ ஆரஞ்சோ பூசிய தடித்த அட்டை. அதன்மேல் அக்கம்பக்கமாக இரண்டு படங்கள் ஒட்டியிருக்கும். இரண்டிலும் அதே குதிரை, அதே வீரன், அதே பீடம், அதே இரும்பு வேலி. முதன்முதலில் பார்த்தபோது, ஒன்று கிழிந்தால் இன்னொன்று இருக்கட்டும் என்று ஒட்டியிருக்கிறார்கள் போலிருக்கிறது என்றுதான் நான் நினைத்தேன்.

இரண்டும் ஒன்றல்ல. கொஞ்சம் உற்றுப் பாருங்கள். இடதுபக்கப் படத்தில் வேலிக் கம்பி ஒன்று குதிரையின் காலை மறைத்துக்கொண்டு நிற்கும். வலதுபக்கப் படத்தில் அதே கம்பி சற்று இடப்பக்கம் நகர்ந்து, கால் வெளியே தெரியும். எள்ளளவு வித்தியாசம். அந்த எள்ளளவுக்காகத்தான் அத்தனை பாடும்.

ஏன் என்று தெரிந்துகொள்ளக் கருவி எதுவும் வேண்டாம். கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்திப் பிடியுங்கள். வலக்கண்ணை மூடிக்கொண்டு, சுவரில் இருக்கும் கடிகாரமோ ஜன்னலோ ஏதாவது ஒன்றின்மேல் விரல் எங்கே விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இப்போது கண்ணை மாற்றுங்கள். விரல் சட்டென்று இடப்பக்கம் தாவும். விரல் அசையவே இல்லை, பார்க்கும் இடம்தான் மாறியது. நம் கண்கள் இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 6.5 செ.மீ. இடைவெளி இருக்கிறது. அதனால் இரண்டும் ஒரே காட்சியை இரண்டு இடத்திலிருந்து பார்க்கின்றன. கிட்டே இருப்பது அதிகம் தாவும், எட்ட இருப்பது குறைவாகத் தாவும், மலையும் நிலாவும் தாவவே தாவாது. எது எவ்வளவு தாவுகிறது என்று மூளை கணக்குப் போட்டு, இது கிட்ட, அது எட்ட என்று சொல்லிவிடுகிறது. நாம் கேட்காமலேயே.

இதைக் காகிதத்தில் செய்து காட்டியவர் இங்கிலாந்தின் சார்லஸ் வீட்ஸ்டன். 1838-ல் லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கத்தில் அவர் ஒரு கட்டுரையை முன்வைத்தார். ஒரு பொருள் இடக்கண்ணுக்கு எப்படித் தெரியுமோ அப்படி ஒரு கோட்டுப்படம், வலக்கண்ணுக்கு எப்படித் தெரியுமோ அப்படி இன்னொன்று. முகம் பார்க்கும் கண்ணாடி இரண்டைச் சாய்த்து வைத்து, அந்தந்தக் கண்ணுக்கு அதனதன் படம் மட்டும் தெரியும்படி செய்தார். தட்டையான கோடுகள் எழுந்து, கன உருவமாக நின்றன. அந்தக் கருவிக்கு அவர் வைத்த பெயர்தான் ஸ்டீரியோஸ்கோப். புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839-ல். ஆக, முப்பரிமாணப் படம் புகைப்படத்தைவிட ஒரு வயது மூத்தது! ஆனால் ஒரு கனசதுரத்தை இரண்டு கோணத்தில் கையால் வரையலாம். குதிரை, சேணம், வாள், மீசை எல்லாம் உள்ள ஒரு வெண்கலச் சிலையை மயிரிழை பிசகாமல் இரண்டு கோணத்தில் வரைய யாரால் ஆகும்? அந்த வேலையைக் கேமரா எடுத்துக்கொண்டது.

அடுத்த பத்திருபது வருடத்தில் எல்லாம் வேகமாக நடந்தது. 1849-ல் ஸ்காட்லாந்துக்காரர் டேவிட் புரூஸ்டர் கண்ணாடிகளுக்குப் பதிலாக லென்ஸ்களைப் பொருத்தி, கையில் பிடிக்கும் அளவுக்குக் கருவியைச் சிறிய பெட்டியாக்கினார். பாரிஸில் ஜூல் டியூபாஸ்க் அதைச் செய்து, 1851-ல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் நடந்த மாபெரும் கண்காட்சியில் வைத்தார். விக்டோரியா மகாராணிக்குப் பிடித்துப்போனது. அப்புறம் கேட்கவா வேண்டும்? 1854-ல் லண்டன் ஸ்டீரியோஸ்கோப்பிக் கம்பெனி தொடங்கியது. ஸ்டீரியோஸ்கோப் இல்லாத வீடே இருக்கக் கூடாது என்பதுதான் அவர்களின் விளம்பரம். அமெரிக்காவில் பாஸ்டன் நகர மருத்துவர் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் 1861-ல் ஒரு மலிவு வடிவத்தைச் செய்தார். ஒரு கைப்பிடி, இரண்டு லென்ஸ், வெளிச்சம் புகாமல் நெற்றியை அணைக்கும் ஒரு மறைப்பு, அட்டையை நிறுத்த ஒரு தாங்கி. அவ்வளவுதான். அவர் அதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. அதனால் யார் வேண்டுமானாலும் செய்தார்கள், எங்கும் பரவியது. இன்றைக்குப் பழம்பொருள் கடைகளில் அதிகம் கிடைப்பது அந்த வடிவம்தான்.

சரி, சிலைகளுக்கும் நினைவுத்தூண்களுக்கும் வருவோம். இவற்றை ஏன் இப்படித் தேடித் தேடி எடுத்தார்கள்?

ஒரு காரணம் வெளிப்படை. சிலை அசையாது. 1851-ல் பிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட கொலோடியன் முறைதான் அடுத்த முப்பது வருடத்துக்குப் பெரும்பாலோரின் வழி. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பசைபோன்ற திரவத்தை ஊற்றிப் பரப்பி, இருட்டில் வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்கி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, ஈரம் காய்வதற்குள் கழுவியும் முடிக்க வேண்டும். கையில் சில நிமிடங்கள்தான் அவகாசம். அதனால் கேமராவோடு இருட்டறைக் கூடாரமும் ஊர் ஊராகப் போனது. 1856-க்கும் 1860-க்கும் இடையே எகிப்துக்கு மூன்று முறை போன ஆங்கிலப் புகைப்படக்காரர் பிரான்சிஸ் ஃப்ரித், கூடாரத்துக்குள் அடித்த வெயிலில் கொலோடியன் கொதித்தது என்று எழுதியிருக்கிறார். இப்படிப்பட்ட பாட்டில், எதிரே நிற்பவராவது அசையாமல் இருந்தால் பெரிய உபகாரம். பிரமிடும் ஸ்பிங்க்ஸும் அந்த விஷயத்தில் தங்கமானவை.

இன்னொரு காரணம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சிலை என்பது சுற்றிவந்து பார்ப்பதற்காகச் செய்த பொருள். ஒற்றைப் புகைப்படத்தில் அது நிழலுருவாகச் சப்பையாகிவிடும். வாஷிங்டனில் வெள்ளை மாளிகைக்கு எதிரே இருக்கும், அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஆண்ட்ரூ ஜாக்சனின் சிலையை எடுத்துக்கொள்ளுங்கள். 1853-ல் கிளார்க் மில்ஸ் வார்த்தது. குதிரை பின்னங்கால் இரண்டில் மட்டும் எழுந்து நிற்கிறது, முன்னங்கால்களுக்கு முட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. பார்த்தவர்கள் வாயைப் பிளந்தது அந்தச் சமநிலையைப் பார்த்துத்தான். ஒற்றைப் படத்தில் அந்த முன்னங்கால்கள் பின்னாலுள்ள மரக்கிளைகளோடு கலந்து, எது கால், எது கிளை என்று தெரியாமல் போகலாம். ஸ்டீரியோவில் வைத்துப் பார்த்தால் கால்கள் காற்றில் தனியாக நிற்கும். பீடத்தைச் சுற்றி நான்கு மூலையிலும் பீரங்கிகள் வைத்திருக்கிறார்கள். அதில் ஒன்றின் வாய் கேமராவைப் பார்த்தபடி அமைந்துவிட்டால், அட்டையை விட்டு வெளியே நம் மூக்குவரைக்கும் நீண்டுவிடும். குதிரை வீரர் சிலைகள் ஸ்டீரியோவுக்கென்றே வார்த்தவை என்பேன். கால்கள், கடிவாளம், நீட்டிய கை, வாள் என்று அவற்றில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு தூரத்தில் இருக்கிறது.

தூண்களின் கதை அப்படியல்ல. பாஸ்டனை ஒட்டிய சார்ல்ஸ்டவுனில் பங்கர் ஹில் நினைவுத்தூண் இருக்கிறது. 1843-ல் முடிந்தது, 67 மீட்டர் உயரம், நாலு பக்கமும் வழவழவென்ற கருங்கல். முழுத் தூணும் படத்துக்குள் வர வேண்டும் என்றால் நன்றாகப் பின்னால் போக வேண்டும். பின்னால் போகப் போக, கட்டைவிரல் சோதனையில் பார்த்த தாவல் குறைந்துகொண்டே வரும். நூறு மீட்டருக்கு அப்பால் நிற்கும் பொருளை 6.5 செ.மீ. இடைவெளியில் எடுத்தால், இரண்டு படத்திலும் அது கிட்டத்தட்ட ஒன்றேதான். முப்பரிமாணம் பார்க்கக் காசு கொடுத்தவருக்கு வெள்ளைச் சுவரில் ஒட்டிய காகிதத் தூண் கிடைக்கும்.

இதற்கு அந்தக் காலத்தவர்கள் இரண்டு தந்திரம் வைத்திருந்தார்கள். ஒன்று, கண்ணின் இடைவெளியை மறந்துவிட்டு, கேமராவை அதிக தூரம் நகர்த்தி எடுப்பது. இன்றைக்கு ஸ்டீரியோ எடுப்பவர்கள் ஒரு குத்துமதிப்புக் கணக்கு சொல்வார்கள்: மிகக் கிட்டே இருக்கும் பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அதில் முப்பதில் ஒரு பங்கு நகர்த்து. 60 மீட்டரில் தூண் என்றால் 2 மீட்டர். ஆழம் நன்றாகவே வரும். ஆனால் ஒரு விபரீதமும் கூடவே வரும். கண்ணுக்குக் கண் 2 மீட்டர் இடைவெளி உள்ளவன் யார்? அரக்கன். அரக்கன் பார்வையில் 67 மீட்டர் தூண் மேசைமேல் வைத்த பொம்மை மாதிரித்தான் இருக்கும். இப்படி எடுத்த சில அட்டைகளில் பிரம்மாண்டமான கட்டடங்கள் அட்டைப்பெட்டி மாதிரி இருப்பதற்குக் காரணம் இதுதான். எனக்கு இந்தத் தந்திரம் பிடிக்காது. பெருமைக்காகக் கட்டியதைப் பொம்மையாக்குவதில் என்ன இருக்கிறது?

இரண்டாவது தந்திரம் அழகானது. தூணை விட்டுவிடு, அதற்கு முன்னால் எதையாவது வை. ஒரு விளக்குக் கம்பம், ஒரு மரக்கிளை, வேலியின் மூலை, படிக்கட்டில் தொப்பியோடு உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள். கிட்டே ஒன்று, நடுவில் ஒன்று, எட்ட ஒன்று என்று மூன்று அடுக்கு அமைந்துவிட்டால், எட்ட இருக்கும் தூண் தட்டையாகவே இருந்தாலும் அதற்கு முன்னால் விரியும் காற்றுவெளி கண்ணுக்குத் தெரிந்துவிடும். பழைய நினைவுச்சின்ன அட்டைகளில் சம்பந்தமே இல்லாமல் ஒரு ஆள் மூலையில் உட்கார்ந்திருப்பார். தற்செயலாக வந்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். படம் எடுத்தவரின் உதவியாளராகவே இருக்கலாம். ஆழத்துக்காகவும் அளவுக்காகவும் உட்காரவைக்கப்பட்டவர்.

ஒரே கேமராவை நகர்த்தி எடுத்ததில் இன்னொரு சங்கடம் இருந்தது. முதல் படத்துக்கும் இரண்டாவது படத்துக்கும் நடுவே நேரம் ஓடிவிடும். இடப் படத்தில் பீடத்தருகே நின்ற ஆள் வலப் படம் எடுக்கும்போது போயே போய்விட்டிருப்பார். கருவியில் வைத்துப் பார்த்தால், அவர் பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும் ஆவி மாதிரி மினுங்குவார். நிமிடங்கள் கடந்திருந்தால் வெயில் நகர்ந்து நிழலும் இடம் மாறியிருக்கும். மூளை அந்த மாற்றத்தையும் தூரமாகவே கணக்குப் போடுவதால், நிழல் தரையில் படியாமல் தனியே மிதக்கும். நானும் ஒரு தடவை செல்போனில் இப்படிச் செய்து பார்த்தேன். இடக்காலில் சாய்ந்து ஒரு படம், வலக்காலில் சாய்ந்து ஒரு படம், சுலபமான வழி. சிலை பிரமாதமாக வந்தது. ஆனால் அதன் தலையில் உட்கார்ந்திருந்த புறா ஒரு கண்ணுக்கு மட்டும் தெரிந்தது. இந்தப் பிரச்சினைக்கு முடிவுகட்டியது இரட்டை லென்ஸ் கேமரா. மான்செஸ்டரின் ஜான் பெஞ்சமின் டான்சர் 1853-ல் அப்படி ஒன்றைச் செய்து, 1856-ல் காப்புரிமை பெற்றார். இரண்டு படமும் ஒரே நொடியில்.

இரட்டை லென்ஸ் வந்ததும் ஒரு புதுக் குழப்பமும் சேர்ந்து வந்தது. இது கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டிய இடம். லென்ஸ் எப்போதும் படத்தைத் தலைகீழாகத்தான் தகட்டில் விழவைக்கும். தகட்டைப் பார்ப்பதற்காக நிமிர்த்தித் திருப்புகிறீர்கள். திருப்பும்போது ஒவ்வொரு படமும் நேராகிவிடும், சரி. ஆனால் இடப்பக்கம் இருந்த படம் வலப்பக்கம் போய்விடும், வலம் இடமாகிவிடும். அப்படியே பிரதி எடுத்து ஒட்டினால் இடக்கண்ணுக்கு வலக்கண்ணின் படம் கிடைக்கும். அதனால் பிரதியை நடுவே வெட்டி, இடம் மாற்றி ஒட்ட வேண்டும். ஒட்டுபவர் மறந்துவிட்டால்? கிட்டே இருப்பது எட்டப் போகும், எட்ட இருப்பது கிட்டே வரும். வானம் முன்னுக்கு வந்து, அதில் குதிரை வடிவத்தில் ஒரு ஓட்டை விழுந்தாற்போலவும், ஓட்டைக்குள்ளே சிலை பதுங்கியிருப்பதுபோலவும் இருக்கும். பார்த்துக்கொண்டே இருந்தால் தலை வலிக்கும். இப்படித் தப்பாக ஒட்டிய அட்டைகள் உண்மையிலேயே இருக்கின்றன. கண்டுபிடிக்க வழி எளிது: கிட்டே இருக்கும் பொருள், பின்னணியோடு ஒப்பிட்டால், இடப் படத்தில் கொஞ்சம் வலப்பக்கமாக இருக்க வேண்டும். மாறியிருந்தால் ஒட்டியவர் தூங்கிவிட்டார் என்று அர்த்தம்.

இந்தப் படங்களில் வானம் ஏன் எப்போதும் வெறும் வெள்ளையாக இருக்கிறது என்றும் ஒரு சந்தேகம் வரலாம். கொலோடியனுக்கு நீல வெளிச்சம்தான் நன்றாகத் தெரியும். நீல வானம் அளவுக்கு மீறிப் பதிந்து மேகமெல்லாம் அழிந்துவிடும். வெண்கலத்தின் பழுப்பும் பச்சையும் அதற்கு மங்கலாகத்தான் படும். அதனால்தான் வெள்ளை வானத்துக்கு முன்னால் கரிக்கட்டைபோல ஒரு வீரன் நிற்கிறான்.

அட்டையை வைத்துக் காலத்தைக் கண்டுபிடிப்பது தனி விளையாட்டு. பெரும்பாலான அட்டைகளில் தேதி இருக்காது. மூலைகள் கூராக இருந்தால் பொதுவாக 1868-க்கு முந்தியது, வளைத்து வெட்டியிருந்தால் பிந்தியது. அட்டையே லேசாக வில்போல வளைந்திருந்தால் 1880-ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ. அமெரிக்க அட்டையின் பின்புறம் வரி முத்திரைத் தலை ஒட்டியிருந்தால் அதிர்ஷ்டம்தான். உள்நாட்டுப் போர்ச் செலவுக்காகப் போட்ட அந்த வரி 1864 செப்டம்பரிலிருந்து 1866 ஆகஸ்ட் தொடக்கம்வரை மட்டுமே இருந்தது.

அட்டையைவிட நல்ல சாட்சி சின்னமேதான். லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் நெல்சன் தூணின் அடியில் படுத்திருக்கும் நான்கு சிங்கங்கள் வந்துசேர்ந்தது 1867-ல். தூண் எழுந்து இருபது வருடத்துக்கு மேல் கழித்து! சிங்கம் இல்லாத நெல்சன் தூண் கிடைத்தால் படம் 1867-க்கு முந்தியது, வாதத்துக்கே இடமில்லை. பாரிஸின் வான்டோம் தூண் இன்னும் சுவாரசியம். அதன் உச்சியில் நெப்போலியன் நீளக்கோட்டும் தொப்பியுமாக நின்றால் 1863-க்கு முன். அந்த வருடம் சிலையை இறக்கிவிட்டு, ரோமானியச் சக்கரவர்த்தி வேஷத்தில் இன்னொரு நெப்போலியனை ஏற்றினார்கள். 1871 மே 16-ல், நகர ஆட்சியைக் கைப்பற்றியிருந்த பாரிஸ் கம்யூன் புரட்சிக்காரர்கள் தூணையே சாய்த்துவிட்டார்கள். சில வருடங்களில் திரும்ப நிறுத்தினார்கள். அந்த உச்சியில் யார் நிற்கிறார், என்ன உடுத்தியிருக்கிறார் என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலே பாதித் துப்பு துலங்கிவிடும்.

வாஷிங்டன் நினைவுத்தூணுக்கு வந்த கதி தெரியுமா? 1848-ல் தொடங்கி, 46 மீட்டர் எழும்பியதும் 1854-ல் வேலை நின்றுபோனது. பணமும் இல்லை, நிர்வாகத்தில் சண்டையும் ஓயவில்லை. அப்புறம் உள்நாட்டுப் போர். ஏறக்குறைய கால் நூற்றாண்டு அது மொட்டைத் தூணாகவே நின்றது. 1884 டிசம்பர் 6-ல் உச்சிக்கல் வைத்தபோது உயரம் 169 மீட்டர். நின்ற இடத்துக்கு மேலே வேறு சுரங்கத்துக் கல் என்பதால் நிறம் மாறுவது இன்றைக்கும் தெரிகிறது. வேலை நின்றிருந்த காலத்து அட்டைகளில் அது பாதியில் விட்ட ஆலைப் புகைபோக்கிபோல நிற்கிறது. முடிந்த சின்னத்தைவிட முடியாத சின்னத்தின் அட்டைகளைத்தான் நான் அதிகம் ரசிக்கிறேன். முடிந்ததை இன்றைக்கும் நேரில் போய்ப் பார்க்கலாமே.

நூற்றாண்டின் கடைசியில் இது பெருந்தொழிலாகிவிட்டது. 1880-களின் தொடக்கத்தில் அண்டர்வுட் அண்ட் அண்டர்வுட், 1892-ல் கீஸ்டோன் வியூ கம்பெனி என்று நிறுவனங்கள் வந்தன. கல்லூரி மாணவர்களை வீடு வீடாக அனுப்பி, அட்டைகளைப் பெட்டி பெட்டியாக விற்றார்கள். பிற்பாடு சினிமா வந்து கவனத்தை இழுத்துக்கொண்டது.

இப்போது நீங்களே பார்க்க வேண்டாமா? நியூயார்க் பொது நூலகத்தில் ராபர்ட் டென்னிஸ் சேகரிப்பு என்று 70,000-க்கும் மேற்பட்ட ஸ்டீரியோ படங்கள் இருக்கின்றன. அதில் பெரும்பகுதியை இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். கருவி இல்லாமல் பார்க்க, அட்டையின் படத்தைச் செல்போன் திரையில் வையுங்கள். இரண்டு படங்களின் நடுப்புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரம் 6 செ.மீ.க்குக் கீழே இருக்கும்படி சிறிதாக்குங்கள். போனை மூக்கருகே கொண்டுவந்து, அதற்குப் பின்னால் எங்கோ தூரத்தில் பார்ப்பதுபோலக் கண்ணைத் தளர்த்துங்கள். எல்லாம் மங்கலாகத் தெரியும், பரவாயில்லை. அப்படியே போனை மெதுவாக விலக்குங்கள். இரண்டு படங்கள் மூன்றாகத் தெரியும். நடுவில் இருப்பதை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். கண்ணை உள்பக்கம் கோணவைத்துப் பார்க்காதீர்கள். அப்படிப் பார்த்தால் மேலே சொன்ன குதிரை வடிவ ஓட்டைதான் கிடைக்கும். இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்யாத சிலருக்கு எப்படிப் பார்த்தாலும் ஆழம் வராது. மற்றவர்களுக்கு ஐந்து நிமிடமோ ஐந்து நாளோ ஆகலாம்.

பழகுவதற்கு ஒரு அட்டை சொல்கிறேன். சுதந்திர தேவி சிலை நியூயார்க் துறைமுகத்தில் திறக்கப்பட்டது 1886-ல். அதற்குப் பத்து வருடம் முன்பே, 1876-ல், பிலடெல்பியா நூற்றாண்டுக் கண்காட்சியில் தீப்பந்தம் ஏந்திய அவளுடைய கையை மட்டும் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மீதிச் சிலைக்கும் பீடத்துக்கும் பணம் திரட்டத்தான். அந்தக் கையின் ஸ்டீரியோ அட்டைகள் நிறையக் கிடைக்கின்றன. தட்டையாகப் பார்த்தால் ஒரு விசித்திரமான கோபுரம், அதன் உச்சியில் சில புள்ளிகள். கண் இணங்கியதும் முதலில் கை பின்னணியை விட்டுத் தனியாகப் பிரியும். அப்புறம் விரல்கள் பந்தத்தை வளைத்துப் பிடித்திருப்பது உருளும். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருங்கள். அந்தப் புள்ளிகள், பந்தத்தைச் சுற்றியுள்ள மாடத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்க்கும் ஆட்கள்.